வாடிக்கையாளர் ஏன் காத்து நிற்க வேண்டும்?

புதியதைக் கண்டுபிடிப்பது விஞ்ஞானிகளின் வேலை என்று நாம் ஒதுங்கிக் கொள்கிறோம். ஆனால் மளிகைத் தொழிலையே தலைகீழாக மாற்றியவர், மொத்தக் கடைக்கு ஆர்டர் எடுத்துத் திரிந்த ஒருவர்தான்.

அவர் பெயர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். ஊர், அமெரிக்காவிலுள்ள மெம்பிஸ். அக்காலத்தில் அங்கும் நம் வழக்கமே இருந்தது. வாடிக்கையாளர் சீட்டைக் கொடுத்துவிட்டு நிற்பார். கடை ஆள் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டித் தருவார். ஆள் கூலியும் கடன் பாக்கியும் லாபத்தைத் தின்றன. எல்லோரும் "மளிகைக் கடை என்றால் இப்படித்தான்" என்று இருந்தார்கள். சாண்டர்ஸ் மட்டும், "சரக்கை வாங்குபவரே எடுத்துக் கொண்டால் என்ன?" என்று யோசித்தார்.

1916 செப்டம்பரில் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்தார். நுழைந்ததும் கையில் கூடை. எல்லாச் சரக்கையும் பார்த்தபடி செல்லும் ஒரே வழி. ஒவ்வொரு பொருளிலும் விலை. வெளியேறும் இடத்தில் ரொக்கம். 1917-ல் இந்த அமைப்புக்குக் காப்புரிமையும் பெற்றார். செலவு குறைந்ததால் விலையும் குறைந்தது. கிளைகள் பெருகின.

அடுத்தவர் ஓக்லஹோமா நகர மளிகை வியாபாரி சில்வன் கோல்ட்மேன். கூடை கனத்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்துவதைக் கவனித்தார். மடக்கு நாற்காலியைப் பார்த்து, அதில் சக்கரமும் கூடையும் பொருத்தினால் என்ன என்று எண்ணினார். 1937-ல் தள்ளுவண்டி வந்தது. முதலில் யாரும் தொடவில்லை. கூலிக்கு ஆள் வைத்துக் கடைக்குள் தள்ளச் செய்தார். பிறகே மக்கள் பழகினார்கள்.

இதில் நமக்குள்ள பாடங்கள்:

1. வழக்கமாகிவிட்ட ஒன்றை "ஏன்?" என்று கேளுங்கள்.

2. விடை வேறு துறையிலும் கிடைக்கும். நாற்காலிதான் தள்ளுவண்டியாயிற்று.

3. நல்ல யோசனையும் உடனே எடுபடாது. மக்களைப் பழக்க வேண்டும்.

4. யோசனை வேறு, நிர்வாகம் வேறு. 1923-ல் பங்குச் சந்தைப் போட்டியில் இறங்கிய சாண்டர்ஸ் தம் நிறுவனத்தையே இழந்தார். பின்னர் 1937-ல் இயந்திரமே சரக்கை எடுத்துத் தரும் கடை திறந்தார். இயந்திரம் அடிக்கடி பழுதாகி, அது நிலைக்கவில்லை.

இன்று பெரிய அங்காடிகள் நம் தெருவுக்கே வந்துவிட்டன. அவற்றின் முதலைக் கண்டு அஞ்சுகிறோம். ஆனால் அவற்றின் வேர் ஒரு விற்பனையாளர் கேட்ட கேள்விதான். வாடிக்கையாளரின் வீட்டு நிலவரம், மாதச் சம்பள நாள், விருப்பமான அரிசி எல்லாம் அறிந்தவர்கள் நாம். அந்த அறிவை வைத்து நாம் கேட்காத கேள்வியை வேறொருவர் கேட்டுவிடுவார்.

ஆகவே இந்த வாரம் ஒரு மணி நேரம் கல்லாவை விட்டு எழுந்து, வாங்குபவர் நிற்கும் இடத்தில் நின்று நம் கடையைப் பாருங்கள். எது தாமதம், எது கண்ணில் படவில்லை என்று குறித்து, ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.