காலராவின் நஞ்சு

காலராவை வாந்திபேதி என்றும் சொல்வார்கள். அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக அதன் கிருமி வயிற்றுக்குள் போகிறது. அது குடலைக் கடித்துத் தின்பதில்லை. பிறகு எப்படி ஆளைக் கொல்கிறது?

கிருமி குடலில் ஒட்டிக்கொள்கிறது. தனக்குள்ளே நஞ்சைத் தயாரிக்கிறது. அதன் மேல்தோலில் மிக நுண்ணிய வாசல்கள் உண்டு. அவற்றின் வழியாக நஞ்சை வெளியே தள்ளுகிறது. அந்த நஞ்சு குடல் சுவருக்குள் புகுகிறது. உடனே உடம்பின் உப்பும் நீரும் குடலில் கொட்டுகின்றன. அரிசி கழுவிய நீர் போலப் பேதி போகிறது. உடம்பில் நீர் வற்றினால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம்.

இந்த நஞ்சைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டு விஞ்ஞானி சம்புநாத் டே. 1959-இல் கொல்கத்தாவில் அவர் இதைக் காட்டினார். கிருமி வளர்ந்த நீரை எடுத்தார். கிருமிகளை வடிகட்டி நீக்கினார். மீதி நீரை முயலின் குடலில் செலுத்தினார். கிருமி இல்லாமலேயே குடலில் நீர் நிறைந்தது!

நஞ்சு வெளியேற்றும் நீரை எப்படி ஈடு செய்வது? சர்க்கரை சேர்ந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். நஞ்சு இதைத் தடுப்பதில்லை. 1971-இல் மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. மருத்துவர் திலீப் மகலநாபிஸ் உப்பு சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். ஏராளமானோர் பிழைத்தனர்.

பேதி கண்டால் என்ன செய்வீர்கள்? கொதித்து ஆறிய நீர் 1 லிட்டர் எடுங்கள். தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு, 6 தேக்கரண்டி சர்க்கரை கலக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.