ஒரே கணினியில் இரு பணிசெயல் முறைமைகள்

க.பொ.த. (சா/த) தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
அலகு: பணிசெயல் முறைமை



பணிசெயல் முறைமை, வன்தட்டைப் பிரிவிடல், கணினியைத் தொடங்கல் ஆகிய மூன்று விடயங்களையும் தனித்தனியே மனனம் செய்வோர் பலர். ஒரு கணினியில் விண்டோசையும் லினக்சையும் நிறுவும் முறையை விளங்கிக்கொண்டால் இம்மூன்றும் ஒன்றாகவே விளங்கிவிடும்.

1. இரட்டைத் தொடக்கம் என்றால் என்ன?

ஒரே கணினியில் இரு பணிசெயல் முறைமைகளை வெவ்வேறு பிரிவுகளில் நிறுவி, கணினியைத் தொடங்கும்போது ஒன்றைத் தெரிவுசெய்து இயக்குதல் இரட்டைத் தொடக்கம் எனப்படும். ஒரு நேரத்தில் ஒன்று மாத்திரமே இயங்கும் என்பதை நினைவிற் கொள்க. மெய்நிகர் இயந்திரத்திலோ ஒரு முறைமையின் உள்ளே மற்றையது அதே நேரத்தில் இயங்கும்.

2. இதன் தேவை யாது?

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 இற்கு 4 ஜீ.பீ. நினைவகம், 64 ஜீ.பீ. சேமிப்பிடம், டீ.பீ.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியன வேண்டும். எமது வீடுகளிலுள்ள பழைய கணினிகள் பலவற்றில் இவை இல்லை. இலவசமான, திறந்த மூல மென்பொருளாகிய லினக்சை அவற்றில் நிறுவலாம். பழகிய விண்டோசையும் இழக்க வேண்டியதில்லை.

உதாரணம்: தமிழ்நாட்டு அரசு 2011 இல் ஆரம்பித்த இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவருக்கு வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசும் 'பொஸ்' லினக்சும் சேர்ந்தே இருந்தன. 'பொஸ்' இந்தியாவின் சீ-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. இலங்கையிலும் பெடோராவை அடிப்படையாகக் கொண்டு 'ஹந்தான லினக்ஸ்' உருவாக்கப்பட்டது.

3. செய்முறை

படி 1: முக்கிய கோப்புகள் அனைத்தையும் வெளிவாரி வன்தட்டொன்றில் காப்பெடுக்குக.

படி 2: விண்டோஸ் முதலில் நிறுவப்பட்டிருத்தல் நன்று. பழைய பயோஸ் கணினிகளில் விண்டோசைப் பின்னர் நிறுவினால், அது லினக்சின் தொடக்க மென்பொருளின் மேல் தன்னுடையதை எழுதிவிடும்.

படி 3: விண்டோசின் டிஸ்க் மனேஜ்மன்ட் மூலம் அதன் பிரிவைச் சுருக்கி வெற்றிடம் உண்டாக்குக. 500 ஜீ.பீ. வன்தட்டை இவ்வாறு பிரிக்கலாம்:

விண்டோஸ் – 250 ஜீ.பீ. – என்.டீ.எப்.எஸ்.
லினக்ஸ் – 50 ஜீ.பீ. – ஈ.எக்ஸ்.டீ.4
பொதுக் கோப்புகள் – 200 ஜீ.பீ. – என்.டீ.எப்.எஸ்.

விண்டோஸ் தானாக ஈ.எக்ஸ்.டீ.4 ஐ வாசிக்காது. லினக்ஸ் என்.டீ.எப்.எஸ். ஐ வாசிக்கும், எழுதும். எனவேதான் பொதுப் பிரிவு என்.டீ.எப்.எஸ். ஆக அமைகின்றது.

படி 4: லினக்ஸ் உள்ள பென் டிரைவினால் கணினியைத் தொடங்குக. நிறுவாமலே இயக்கிப் பார்த்து ஒலி, வலையமைப்பு என்பன வேலை செய்கின்றனவா எனச் சோதிக்குக.

படி 5: நிறுவும்போது "விண்டோசுடன் சேர்த்து நிறுவுக" என்னும் பொருள்படும் தெரிவை எடுக்குக.

படி 6: மீளத் தொடங்கும்போது 'கிரப்' என்னும் தொடக்க மென்பொருள் இரு பெயர்களையும் பட்டியலிடும். விரும்பியதைத் தெரிவுசெய்க.

4. கவனிக்க வேண்டியவை

• "வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவுக" என்ற தெரிவைத் தொடாதீர்கள். எனது வகுப்பு மாணவர் ஒருவர் அவசரத்தில் அதைத் தெரிவுசெய்தார். அக்காவின் திருமணப் படங்கள் அந்தக் கணினியில் மாத்திரமே இருந்தன. லினக்ஸ் நன்றாகவே நிறுவப்பட்டது; படங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. படி 1 இன் பெறுமதி அன்றுதான் வகுப்புக்கே விளங்கியது.

• பிரிவைச் சுருக்கும்போது மின் தடைப்பட்டால் தரவுகள் பழுதாகலாம். வட்டவளையில் மழைக்காலத்தில் மின்தடை புதிதல்ல. இடிமுழக்கம் கேட்கும் நாளில் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். மடிக்கணினியாயின் மின்கலத்தை முழுமையாக ஏற்றிக்கொள்க.

• விண்டோசின் பாஸ்ட் ஸ்டார்டப் வசதியை நிறுத்துக. இல்லையேல் விண்டோஸ் முழுமையாக மூடப்படாமல், லினக்சிலிருந்து பொதுப் பிரிவில் எழுத முடியாமற் போகலாம்.

• லினக்சிலிருந்து விண்டோசுக்கு மாறியதும் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் பிந்திக் காட்டலாம். லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் கணினிக் கடிகாரத்தில் வைப்பதே காரணம். இது கணினியின் பழுதன்று.

5. பயிற்சி வினாக்கள்

(1) இரட்டைத் தொடக்கத்துக்கும் மெய்நிகர் இயந்திரத்துக்கும் இடையிலான ஒரு வேறுபாட்டைத் தருக.

(2) 320 ஜீ.பீ. வன்தட்டில் விண்டோசுக்கு 180 ஜீ.பீ., லினக்சுக்கு 40 ஜீ.பீ. ஒதுக்கப்பட்டன. பொதுக் கோப்புகளுக்கு எஞ்சுவது எவ்வளவு? அதற்குப் பொருத்தமான கோப்பு முறைமை யாது? காரணம் தருக.

(3) பிற்பகல் 4.00 மணிக்கு லினக்சிலிருந்து விண்டோசுக்கு மாறிய ஒருவரின் கணினி முற்பகல் 10.30 எனக் காட்டியது. காரணத்தை விளக்குக.

விடைக் குறிப்பு:
(1) முதலாவதில் ஒரு நேரத்தில் ஒரு முறைமையே இயங்கும். இரண்டாவதில் இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும்.
(2) 100 ஜீ.பீ.; என்.டீ.எப்.எஸ்.; இரு முறைமைகளாலும் வாசிக்கவும் எழுதவும் முடியும்.
(3) இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தை விட 5 மணி 30 நிமிடம் முந்தியது. லினக்ஸ் எழுதிய உலகப் பொது நேரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொண்டது.

வினா 2 இல் விடையை மாத்திரம் எழுதி, காரணத்தை எழுதாமல் புள்ளிகளை இழக்க வேண்டாம்.