‘ஓர்ஃபேயோ’ இசைநாடகத்தில் சொல்லாமையின் இடம்

குளுக் இசையமைத்து, கல்சபீஜி பாடல்நூல் இயற்றிய ‘ஓர்ஃபேயோவும் எவுரிதிச்சேயும்’ என்னும் இத்தாலிய இசைநாடகம் 1762 அக்டோபர் 5 அன்று வியன்னாவில் அரங்கேறியது. இறந்த மனைவியைப் பாதாளத்திலிருந்து மீட்கச் செல்லும் பாடகனின் கதையைக் கூறும் கிரேக்கத் தொன்மம் இதன் மூலமாகும். அதனை ஓவிட் பாடிய வடிவில், வெளியேறும்வரை அவளைத் திரும்பிப் பார்த்தலாகாது என்பதே அவனுக்கு இடப்பட்ட நிபந்தனை. அவள் பின்தங்கிவிடுவாளோ என்னும் அச்சமும் காணும் வேட்கையுமே அவனைத் திரும்பச் செய்கின்றன.

கல்சபீஜி மற்றொரு தடையையும் சேர்க்கிறார்: பார்க்காமைக்கான காரணத்தை அவளிடம் கூறலாகாது. முகம் காட்டாது நடக்கும் கணவனின் அன்பை அவள் ஐயுறுகிறாள். இவ்வாழ்வினும் சாவே மேல் எனக் கலங்குகிறாள். அத்துயர் பொறாது அவன் திரும்ப, அவள் மீண்டும் இறக்கிறாள். இரண்டாம் அங்கத்தில் வழிமறித்து முழங்கும் சீற்றத் தெய்வங்களைப் பாட்டால் இளக்கியவன், மூன்றாம் அங்கத்தில் மனைவிக்கு ஒரு காரணம் சொல்ல இயலாமல் தோற்கிறான். தொன்மத்தின் மையம் இவ்வாறு பார்வையிலிருந்து சொல்லாமைக்கு இடம்பெயர்கிறது.

இறுதியில் காதல் தெய்வம் அவளை உயிர்ப்பிப்பதைப் பேரரசர் முதலாம் ஃபிரான்சிசின் பெயர்நாளுக்கேற்ற மங்கல முடிவாக மட்டும் கொள்வது போதாது. அவன் திரும்பியது தன் ஐயத்தாலன்று, அவளது துயரத்தால் என்பதை இரண்டாம் தடை முன்னரே நிறுவிவிடுகிறது. எனவே, அம்மன்னிப்பு நாடகத்தின் உள்ளமைப்பிலிருந்தே விளைவதாகும்.