மலைப்பாதையிலும் தாங்கும் வெப்சாக்கெட்

திருப்பதி, சித்தூர் பக்கம் சாட் ஆப் எழுதிப் பழகும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு: இணையப் பக்கம் ஹெச்டிடிபிஎஸ் என்றால் வெப்சாக்கெட் சர்வர் முகவரியும் 'டபிள்யூஎஸ்எஸ்' என்றே தொடங்கட்டும், வெறும் 'டபிள்யூஎஸ்' போட்டால் பிரவுசர் தடுத்துவிடும். 'ஆன்ஓப்பன்' வருமுன் 'சென்ட்' செய்தால் பிழைதான்.

நிஜப் பரீட்சை திருமலை ஏறும் பஸ்ஸில். வளைவில் சிக்னல் போய்விட்டாலும், இணைப்பு இருப்பதாகவே போன் சிறிது நேரம் காட்டும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, பிரவுசரில் நாமாக 'பிங்' அனுப்ப வழி கிடையாது. எனவே 30 நொடிக்கொரு முறை சின்னதாக ஒரு செய்தி அனுப்புங்கள். சர்வர் அதற்குப் பதில் தரும்படி எழுதியிருக்க வேண்டும். பதில் இல்லையா? மூடிவிட்டு 1, 2, 4 நொடி என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி இணையுங்கள். எல்லாப் போனும் ஒரே நேரத்தில் சர்வரை முட்டாதிருக்க, அந்த இடைவெளியில் கொஞ்சம் முன்பின் வையுங்கள். 'ஆன்குளோஸ்' 1006 என்று காட்டினால், இணைப்பு முறையாக முடியாமல் அறுந்திருக்கிறது.