மூச்சுக்கு ஒரு துணை

நிமிடத்திற்குப் பதினைந்து முறை அளவில் நாம் மூச்சு விடுகிறோம். அதை எண்ணிப் பார்ப்பவர் நம்மில் யார்? அத்தொழிலைத் தாமே செய்ய இயலாத உடலோடு பிறந்தவர்களும், நோயால் அவ்வாற்றலை இழந்தவர்களும் உண்டு. முன்னாளில் அவர்களுட் பலர் குழந்தைப் பருவத்தைத் தாண்டவில்லை. இன்று வீட்டில் வைத்த ஒரு கருவியின் துணையால் பதினெட்டையும் இருபத்தைந்தையும் எட்டுகிறார்கள். எட்டிய பின் அவர்கள் எங்கே போவது?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். ஆக்சிஜன் கொடுப்பது வேறு. மூச்சு விட உதவுவது வேறு. ஆக்சிஜன் செறிவூட்டி அறைக் காற்றை இழுத்து, அதிலுள்ள நைட்ரஜனைச் சியோலைட் என்னும் கனிமத் துகள்களில் தங்கவிட்டு, எஞ்சியதை மூக்கிற்கு அனுப்புகிறது. நுரையீரல் பழுதுற்றவர்க்கு அது போதும். வென்டிலேட்டரோ தசைகளின் வேலையையே செய்கிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. தசை வலுவிழந்தவருக்கு வெறும் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால், விரலில் மாட்டிய கருவி நல்ல எண்ணைக் காட்டும். உள்ளே கரியமிலவாயு தேங்கிக்கொண்டே போகும்.

டுஷேன் தசைச்சிதைவு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே பற்றும் இந்நோயில், முன்பு இருபது வயதை ஒட்டியே முடிவு வந்துவிடும். இரவில் முகமூடி வழியே காற்றுத் தரும் முறை பரவியபின் முப்பதைத் தாண்டி வாழ்வோர் பலர். இரவில் ஏன்? கனவு காணும் உறக்கத்தில் உதரவிதானம் ஒன்றே பெரும்பாலும் உழைக்கிறது. மற்ற மூச்சுத் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. உதரவிதானமும் சோர்ந்திருந்தால் விடியலில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம். அப்படிப்பட்ட பையன் வகுப்பில் தூங்கி விழுந்தால் அவனுக்குச் சோம்பேறி என்ற பட்டம் உடனே கிடைத்துவிடும்!

இக்கருவியின் வரலாற்றில் மாணவர்க்கு ஒரு பங்குண்டு. 1952-இல் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவியபோது, விவி எபர்ட் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு மூச்சு நின்றுபோகும் நிலை. மருத்துவர் பியோர்ன் இப்சன் அவள் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகச் செய்து, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டச் செய்தார். அவள் பிழைத்தாள். உடனே மற்ற நோயாளிகளுக்கும் அதுவே வழியாயிற்று. பையை அழுத்த ஆள் வேண்டுமே? ஏறத்தாழ 1,500 மாணவர்கள் மாதக்கணக்கில் இரவு பகலாக முறை வைத்து அழுத்தினர். விவி 1959-இல் கருவியோடு வீடு திரும்பினாள். வாயில் கோல் பற்றி ஓவியம் தீட்டினாள். 1971 வரை வாழ்ந்தாள்.

கோபன்ஹேகனில் கை செய்ததை இன்று மின்சாரம் செய்கிறது. எங்கள் ஆனைகட்டியில் அதுதான் சிக்கல். கோவையிலிருந்து மன்னார்க்காடு செல்லும் சாலையில், தமிழகமும் கேரளமும் சந்திக்கும் ஊர் அது. பெரிய மருத்துவமனைக்குக் கோவைதான், சுமார் 30 கிலோமீட்டர். மழைக் காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவது அங்கே புதிதன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,800 வாட்-மணி உண்டு. செறிவூட்டி ஒன்று 350 வாட் இழுத்தால், தாளில் ஐந்து மணி நேரம். நடைமுறையில் மூன்று மணியே மிஞ்சும். இரவு வென்டிலேட்டர் 50 வாட்டில் ஓடினால் விடியும் வரை கவலையில்லை. எந்தக் கருவி என்பதைப் பொறுத்து ஓர் இரவின் அச்சமே மாறிவிடுகிறது. கேரளம் 2008-இல் வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சிகள் வழியே செவிலியர் வீடு தேடி வருகின்றனர். அது பெரும் நன்மை. ஆனாலும் செவிலியர் வருவது படுக்கையருகே. இளைஞர் போக விரும்புவதோ கல்லூரிக்கு.

கோட்டயம் மாவட்டம் எருமேலியைச் சேர்ந்த லத்தீஷா அன்சாரி அப்படிப் போனவர். எலும்புகள் எளிதில் முறியும் பிறவிநோய்; கூடவே நுரையீரல் இரத்த அழுத்தம். தந்தை பள்ளிக்கும் கல்லூரிக்கும் தூக்கிச் சென்றார்; எம்.காம். முடித்தார். 2019 ஜூன் 2 அன்று திருவனந்தபுரத்தில் ஆக்சிஜன் துணையோடு அமர்ந்து குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வை எழுதினார். தேர்வுக்கூடத்தில் செறிவூட்டி வைக்க மாவட்ட ஆட்சியர் ஏற்பாடு செய்தார். 2021 ஜூனில், இருபத்தேழாம் வயதில் அவர் மறைந்தார்.

நம் தேர்வுக்கூடம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. மேசையருகே மின்செருகி கிடையாது. பேரவையின் அடுத்த கூட்டத்தில் இதை முன்வைக்க எண்ணியுள்ளேன்.