பயிற்சியாளரை எடைபோடும் முறை

அன்புள்ள தம்பிக்கு,

ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டிஃபென்சிவ் லைன் (எதிரணியைத் தடுக்கும் முன்வரிசை) பயிற்சியாளரான லாரி ஜான்சன் உண்மையிலேயே கெட்டிக்காரரா, அல்லது கெட்டிக்காரப் பிள்ளைகள் வாய்த்த அதிர்ஷ்டசாலியா என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தாய். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே ஒவ்வொரு நிலைக்கும் தனி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பள்ளிப் பையன்களைத் தேடிச் சேர்ப்பதும், சேர்ந்தவர்களை ஆளாக்குவதும் ஆகிய இரண்டு காரியங்கள் அவர் தலையில் விழுகின்றன. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதனாலேயே நம் அபிப்பிராயங்கள் பிழைபட்டுப் போகின்றன.

பென் ஸ்டேட்டில் 18 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு 2014-இல் ஜான்சன் ஓஹையோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸ் நகருக்கு வந்தபோது, ஜோயி போஸா அங்கே முன்னவர் மைக் வ்ரேபலின் கீழ் ஓராண்டு ஆடி முடித்திருந்தான். தொழில்முறை அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2016-இல் மூன்றாவதாக அவன் தேர்வு பெற்றதில் வளர்த்தவர் என்ற பங்கு ஜான்சனுக்கு உண்டே தவிர, கண்டெடுத்தவர் என்ற பங்கு இல்லை. சேஸ் யங்கின் கதை வேறு. ஐந்து நட்சத்திர மதிப்போடு, ஜான்சன் முன்பு பள்ளிப் பயிற்சியாளராக இருந்து பழகிய மேரிலாந்திலிருந்து வந்து, 2019-இல் பதினாறரை சாக்குகள் (எதிரணியில் பந்தெறிபவனை அவன் எறியுமுன் வீழ்த்துவது) எடுத்துப் பல்கலைக்கழகச் சாதனையையே முறியடித்த அவனைப் பொறுத்தவரை, எல்லோரும் விரும்பிய பிள்ளையைத் தன்னிடம் வரச் செய்த சாமர்த்தியத்தையே முதலில் மெச்ச வேண்டும்.

ஆனால் என் மனத்தில் நிற்பவன் சாம் ஹப்பர்ட். சின்சினாட்டியில் பள்ளி அணிக்குச் சேஃப்டியாக, அதாவது கடைசி வரிசைக் காவலனாக, ஆடியவன். லக்ராஸ் ஆட்டத்துக்காக நோட்ர டேம் பல்கலைக்கழகத்துக்குப் போக இசைந்திருந்தவன். உடற்பயிற்சி வகுப்பில் பந்தெறிந்து விளையாடிக்கொண்டிருந்த அவனைக் கண்டுபிடித்தவர் தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மேயர். கல்லூரியில் நிலை மாறி நிலை மாறி, கடைசியில் ஜான்சனின் வரிசைக்கு வந்து சேர்ந்த அந்தப் பையன், 2018-இல் மூன்றாவது சுற்றில் தன் சொந்த ஊரின் பெங்கால்ஸ் அணிக்கே தேர்வானான். கண்டது ஒருவர் கண். வனைந்தது மற்றொருவர் கை. வந்த நாளுக்கும் போன நாளுக்கும் இடையே ஒருவன் கடந்த தூரத்தைத்தான், தம்பி, வளர்ப்பு என்று சொல்ல வேண்டும்.

அந்தத் தூரத்தை அளக்க அவசரம் கூடாது. பள்ளியை விட்டு மூன்றாண்டு கழியாமல் எவனும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லுக்குப் போக முடியாதென்ற விதியே, ஒரு பயிற்சியாளரை முதல் வருஷத்தில் தீர்ப்பிடுவது அநியாயம் என்பதற்குப் போதிய சாட்சியம். பல்கலைக்கழகத்தின் கியாதியும், 2021 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரைக் கொண்டு சம்பாதிக்க அனுமதி கிடைத்த பின்பு புழங்கும் பணமும் பையன்களை இழுக்கின்றன. அவற்றின் பலனைப் பயிற்சியாளர் கணக்கில் எழுதிவிடாதே. ஜான்சன் தம் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குகிறவர். ஆகவே ஒவ்வொருவனும் களத்தில் நிற்கும் நேரம் குறைவு; சாக்குகளின் எண்ணிக்கை ஒன்றையே பார்த்தால் ஏமாந்து போவாய்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்க்கும்போது, பந்தின் பின்னே கண்ணை ஓடவிடாமல், பெயர் தெரியாத இரண்டாம் வரிசை ஆட்டக்காரன் ஒருவனையே கவனி. பந்து அசைந்த கணத்தில் முதல் அடி எடுத்து வைக்கிறானா, எதிராளியின் கைகள் தன் மார்பில் படுமுன் அவற்றைத் தட்டிவிட்டுத் தோளைத் தாழ்த்தி நுழைகிறானா என்று பார்த்துக் குறித்துவை. அடுத்த ஆண்டும் அவனையே பார். அந்த இரண்டு குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு உன் கேள்விக்கு நீயே விடை எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்