மழைச் செய்தியும் வணிகர் கணக்கும்

வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் மாதம் தொடங்கி மார்ச் வரையில் நம் பக்கம் வீசுகிறது. இக்காலத்தில் வானிலை இலாகா மழை எச்சரிக்கை விடுத்தால், நம் வியாபாரிகளில் சிலர், "போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள், ஒரு சொட்டும் விழவில்லை" என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இது சரியான கணக்குதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் இம்மழை எப்படி உண்டாகிறதென்று பார்ப்போம். குளிர்காலத்தில் சைபீரியா, மங்கோலியா பகுதிகளின் மேல் கடுங்குளிர்க் காற்று தேங்குகிறது. குளிர்ந்த காற்று பாரமானது. ஓரளவுக்கு மேல் தேங்கியதும் அது சீனத்தின் வழியாகத் தெற்கே பாய்கிறது. தென்சீனக் கடலின் வெதுவெதுப்பான நீரின்மேல் வரும்போது ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. அந்த ஈரக்காற்று கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூர் கரைகளில் மோதும்போது நாட்கணக்கில் அடைமழை பெய்கிறது. ஆகவே இங்கே பனி விழாவிட்டாலும், நம் மழையின் வேர் வடக்கே உள்ள குளிர்காலத்தில்தான் இருக்கிறது.

இக்காற்று வெகு தூரத்திலிருந்து புறப்படுவதால் நமக்கு ஒரு நன்மை உண்டு. வடக்கே காற்றழுத்தம் உயர்வதையும், கடல்மேல் காற்று வலுப்பதையும் துணைக்கோள் படங்களாலும் கணிப்பொறிக் கணக்குகளாலும் சில நாட்களுக்கு முன்பே கண்டுகொள்ளலாம். ஆனால் எந்தத் தெருவில் எவ்வளவு பெய்யும் என்பதை அவ்வாறு முன்கூட்டிச் சொல்ல இயலாது. அதை ராடார் கருவி காட்டும்போது ஓரிரு மணி நேரமே மீதி இருக்கும்.

இதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவோம். பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகைக்குள் சூறாவளி பிறப்பதில்லை என்பது பழைய பாடம். ஆயினும் 2001 டிசம்பரில் ஏறத்தாழ ஒன்றரை பாகையிலேயே வாமெய் என்னும் புயல் உருவாகி, 27ஆம் தேதி தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. அடுத்தது, பருவமழை கிழக்குக் கரைக்கே உரியதென்று பலர் எண்ணியிருக்க, 2021 டிசம்பர் 18இல் சிலாங்கூரும் கோலாலம்பூரும் வெள்ளத்தில் மூழ்கின. தென்சீனக் கடலிலிருந்து வந்த தாழ்வு மண்டலம் தீபகற்பத்தைக் கடந்ததே காரணம். சா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளும் கடைகளும் பட்ட பாட்டை நாடறியும்.

மழையை இறக்குவது அல்லாஹ்வின் நாட்டம், அதில் ஐயமில்லை. வானிலைச் செய்தி மறைவானதை அறிந்ததாகச் சொல்லிக்கொள்வதன்று. கண்ட குறிகளைக் கூட்டிப் பார்த்துச் சொல்லும் கணக்கு. கணக்கென்றால் நமக்குத் தெரியாததா?

கிட்டங்கியில் தரையிலுள்ள அரிசி மூட்டைகளையும் துணிக் கட்டுகளையும் மேலே ஏற்ற 200 வெள்ளி கூலி என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் புகுந்தால் நனையும் சரக்கின் மதிப்பு 10,000 வெள்ளி. 200ஐ 10,000ஆல் வகுத்தால் நூற்றுக்கு இரண்டு. ஆகவே வெள்ளம் வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேலிருந்தாலே சரக்கை ஏற்றுவது லாபம். பத்துத் தடவை ஏற்றி ஒன்பது தடவை மழை பொய்த்தாலும் கூலி 2,000, காத்தது 10,000, மிச்சம் 8,000. பொய்த்த ஒன்பது தடவையும் நட்டமல்ல, காவல் கூலி.

எல்லாவற்றுக்கும் இதே விதி செல்லாது. கடையை இரண்டு நாள் மூடினால் 3,000 வெள்ளி வியாபாரம் போகும், மூடாவிட்டால் 5,000 நட்டம் வரலாம் என்றால், வாய்ப்பு நூற்றுக்கு 60க்கு மேல் இருந்தால்தான் மூடுவது தகும். மலேசியாவில் தொடர்மழை எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளாக வருகிறது. செலவு குறைந்த காரியத்தை மஞ்சளிலேயே செய்துவிட வேண்டும். செலவு மிகுந்ததைச் செம்மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உயிருக்கு ஆபத்தென்றால் இந்த வகுத்தலுக்கே இடமில்லை. உடனே வெளியேற வேண்டும்.

மேலும் ஒன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உயர ஏறும். அந்நேரம் மழையும் சேர்ந்தால், கரையோரத் தாழ்நிலங்களில் சாக்கடை நீர் கடலுக்குள் வடிய வழியின்றி அஞ்சடிக்கு ஏறிவிடும். இதற்கு நம் பிறைக் காலண்டரே போதும். மாதத் தொடக்கத்திலும் பிறை 14, 15ஐ ஒட்டிய நாட்களிலும் எச்சரிக்கை வந்தால் இருமடங்கு கவனம் வேண்டும்.

ஆகவே வணிகப் பெருமக்களே, கூலி எவ்வளவு, நனையும் சரக்கு எவ்வளவு என்ற இரண்டு தொகைகளையும் பருவம் தொடங்குமுன் பேரேட்டில் குறித்து வையுங்கள். கடன்சீட்டையும் கணக்குப் புத்தகத்தையும் மேல்தட்டில் வையுங்கள். எச்சரிக்கை வரும் நாளில் வாதாட வேண்டியிராது. எழுதி வைத்தபடி செய்தால் போதும்.